லயக் கலைஞர் றோலண்டின் நிரந்தர வதிவிடம்

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முதல் மணி அடிக்கும் முன்பே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் ஒட்டுவீட்டு வரிசையான பத்தாம் நம்பர் லயத்தில் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. காஸ் சிலிண்டர்தான் வெடித்துவிட்டது என்று ஒற்றை அறை வீடுகளான எல்லாக் காம்பிராக்களிலிருந்தும் ஆட்கள் வெளியே ஓடி வந்தார்கள். விறகு அடுப்பு மட்டுமே வைத்திருந்தவர்களும் ஓடி வந்தார்கள். வெடி நிற்காமல் சடசடவென்று தொடர்ந்த பிறகுதான் விஷயம் விளங்கியது. ஜூலியனின் தாய் வாசலில் நின்று பட்டாசு கொளுத்திக்கொண்டிருந்தாள். அவளுடைய மகனுக்கு ஒரு குளிர் நாட்டில் நிரந்தர வதிவிடம் கிடைத்துவிட்டது. அதைச் சொல்வதற்காக அவனே நேரில் வந்து இறங்கியிருந்தான்.

பக்கத்துக் காம்பிராவில் முகச்சவரம் செய்துகொண்டிருந்த றோலண்டுக்கு முதல் வெடியிலேயே கன்னம் கிழிந்தது.

டயகமவிலிருந்து ஏறிப்போகும் கல்லுக்காட்டுத் தோட்டத்தில் றோலண்ட் கங்காணி. மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களை மேற்பார்க்கும் வேலை. அவனும் ஜூலியனும் ஒரே லயத்தில் ஒரே வருஷம் பிறந்தவர்கள். சின்ன வயதில் கோயில் நத்தார் நாடகத்தில் ஜூலியன்தான் எப்போதும் சூசையப்பர். றோலண்டுக்கு ஆட்டு வேஷம். ஒரு வருஷம் ஜூலியனுக்கு அம்மை போட்டபோது சூசையப்பர் வேஷம் தனக்கு வரும் என்று அவன் காத்திருந்தான். பாதர் அந்த வருஷம் நாடகத்தையே நிறுத்திவிட்டார்.

ஜூலியன் தன் நிரந்தர வதிவிட அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே பூசைக்கு வந்தான். பூசை முடிந்ததும் அது கைக்குக் கை மாறியது. றோலண்டின் மனைவி ஐவி, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினாள். கல்யாணத்தன்று தாலியைக்கூட அவள் இவ்வளவு மரியாதையாகத் தொடவில்லை என்று றோலண்டுக்குப் பட்டது.

“போட்டோவுல ஜூலியன் நல்ல வெள்ளையா இருக்காரு இல்லங்க,” என்றாள்.

அன்று பகல் றோலண்டுக்குச் சோறு இறங்கவில்லை. நெஞ்சுக்குக் கீழே ஏதோ கிடந்து எரிந்தது. வாய்வு என்றான். ஐவி இஞ்சித் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். வாய்வு இறங்கவில்லை. ஜூலியன் அந்தத் தடவை ஒரு மாதம் நின்றான். வாய்வும் ஒரு மாதம் நின்றது.

ஜூலியன் திரும்பிப் போன மறுநாள், தானும் அதே நாட்டுக்கு நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கப் போவதாக றோலண்ட் அறிவித்தான். எதற்கு என்று ஐவி கேட்டாள். டிலுக்‌ஷியின் படிப்புக்கு என்றான். அவர்களுடைய மகள் டிலுக்‌ஷி அப்போது மூலையில் உட்கார்ந்து படித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஹட்டன் டவுனில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் வழியாக விண்ணப்பம் போனது. குளிர் நாட்டுத் திணைக்களம் முதலில் கேட்டது ஒரே ஒரு ஆதாரம்தான். விண்ணப்பதாரர் இப்போது இருக்கும் இடத்தில் நிரந்தரமாக வசிப்பவர் என்று உறுதிப்படுத்த வேண்டும். ஓரிடத்தில் நிரந்தரமாக இருந்து பழகியவரால்தான் இன்னோர் இடத்திலும் நிரந்தரமாக இருக்க முடியும் என்பது அவர்களுடைய ஆராய்ச்சி முடிவு.

றோலண்ட் தோட்ட நிர்வாகியான பெரிய தொரையிடம் போய் நின்றான். தொரை நல்ல மனுஷன். ஆபீசில் உட்காரச் சொல்லாவிட்டாலும் அன்பாகப் பேசுவார்.

“நிரந்தரம்னு எழுத ஏலாது றோலண்ட். ஒன்னோட பூட்டன் இங்க வந்தது கொஞ்ச நாளைக்கு. தாத்தா பொறந்தது கொஞ்ச நாளைக்கு. ஒங்கப்பா செத்ததும் அப்படித்தான், கொஞ்ச நாளைக்கு. இப்ப ஒன்னைய நிரந்தரம்னு எழுதினா நாளைக்கு நெலம் கேப்பே. நெலம் குடுத்தா வீடு கட்டுவே. சொந்த வீட்டுல படுத்தா நல்லா தூக்கம் வரும். நல்லா தூங்குறவன் விடியக்காலம் பேர் குடுக்கப் பெரட்டுக்கு வருவானா? சொல்லு. ஒங்கள நாங்க தூங்க வுடாம வச்சிருக்கிறது ஒங்க நல்லதுக்குத்தான்.”

றோலண்ட் தலையாட்டினான். தொரை மனம் இளகி, வேறு விதமாக ஒரு சான்று எழுதித் தந்தார். ‘மேற்படி நபரும் அவரது முன்னோரும் மகளும் ஐந்து தலைமுறையாக, தொடர்ச்சியாகவும் இடையறாமலும், இத்தோட்டத்தில் தற்காலிகமாக வசித்து வருகின்றனர்.’

இதோடு கதை முடிந்தது என்றுதான் றோலண்ட் நினைத்தான். ஆனால் குளிர் நாட்டுத் திணைக்களம் அசந்துபோய்ப் பதில் எழுதியது. தங்கள் நாட்டுக்குத் தற்காலிகமாக வருகிறவர்கள் இரண்டு வருஷத்திலேயே உரிமை, ஓய்வூதியம் என்று பேச ஆரம்பிக்கிறார்கள். ஐந்து தலைமுறையாக ஒன்றும் கேட்காமல் தற்காலிகமாக இருந்த குடும்பத்தை அவர்கள் இதுவரை கண்டதில்லை. தற்காலிக நன்னடத்தைக்கு முழுப் புள்ளி.

இந்தச் செய்தி ஜூலியனின் தாய் வழியாகத் தொலைபேசியில் போனது. அடுத்த மாதமே ஜூலியன் வந்துவிட்டான். பெண் பார்க்க வந்ததாகச் சொன்னான். ராகலையில் ஒரு பெண்ணையும் கொத்மலையில் ஒரு பெண்ணையும் பார்த்து, இரண்டு வீட்டிலும் அட்டையைக் காட்டிவிட்டு, மீதி நாளெல்லாம் றோலண்டின் வாசலில் வந்து நின்றான்.

“பைல் எங்க நிக்குது மச்சான்?”

“போயிக்கிட்டிருக்கு.”

“அவசரப்படாத. எனக்கே எட்டு வருஷம் ஆச்சு. சும்மா தூக்கிக் குடுத்துற மாட்டானுங்க.”

சொல்லிவிட்டு, றோலண்டின் முகத்தைக் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பான். அதில் தேவையானது தெரிந்ததும் திருப்தியாகப் போய்விடுவான். அந்த நாட்டில் அவன் முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டுகிறான். அங்கே பஸ் ஓட்டுகிறவரிடமும் அந்த அட்டை இருக்கிறது. கடையில் காசு வாங்குகிற பெண்ணிடமும் இருக்கிறது. எடுத்துக் காட்டினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒருநாள் தாயிடம் அவன் இதைச் சொல்லி வருத்தப்பட்டது, லயத்துச் சுவர் வழியாக ஐவிக்குக் கேட்டது. லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போவதில்லை.

இரண்டு வருஷம் கழித்து, அடுத்தது குளிர் தாங்கும் சோதனை. இலங்கை வெப்ப நாடு என்று திணைக்களத்தின் வரைபடத்தில் இருந்தது. ஆகவே விண்ணப்பதாரர் குளிருக்குப் பழகியவர் என்று நிரூபிக்க வேண்டும். தை மாதத்தில் தேயிலையே பனியில் கருகும் இடத்தில் தான் இருப்பதை றோலண்ட் எழுதி அனுப்பினான். வரைபடத்தில் அப்படி இல்லை என்று பதில் வந்தது. அவனைக் கொழும்புக்கு வரவழைத்து, ஏசி போட்ட ஓர் அறையில் மூன்று நாள் வைத்துக் குளிர் பழக்கினார்கள். அறையில் அவனுக்குப் புழுங்கியது. கம்பளியைக் கழற்றிவிட்டு பெனியனோடு படுத்திருந்தான். மூன்றாம் நாள் வெளியே வந்து, கொழும்பு வெயிலில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்ததில் மயங்கி விழுந்தான். குளிரிலிருந்து பிரிய முடியாதவர் என்று அறிக்கை எழுதி, அதற்கும் முழுப் புள்ளி கொடுத்தார்கள்.

ஜூலியன் மறுபடி வந்தான். இந்தத் தடவை நுவரெலியாவில் பெண். ஒவ்வொரு தடவையும் மாதக்கணக்கில் நின்றான்.

நேர்முகப் பரீட்சை ஹட்டனில், ஒரு மேல்மாடி அறையில், திரை வழியாக நடந்தது. திரையில் ஒரு பக்கம் குளிர் நாட்டு அதிகாரி அம்மையார். எதைச் சொன்னாலும் மன்னிப்புக் கேட்பது போலச் சிரித்தார். இன்னொரு பக்கம் மொழிபெயர்ப்பாளர் கஜதீபன். யாழ்ப்பாணத்திலிருந்து ஐந்து வயதில் அந்த நாட்டுக்குப் போனவன். மலைநாட்டைப் படத்தில்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை.

“வணக்கம் ஐயா. நீங்கள் இப்ப எங்க இருக்கிறியள் எண்டு அம்மா கேக்கிறா.”

“லயத்துலங்க.”

கஜதீபன் திரையை நெருங்கி வந்தான். அவன் சனிக்கிழமைகளில் மிருதங்கம் படித்தவன். லயம் என்றால் தாளத்தோடு தன்னை மறந்து ஒன்றிப்போவது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். எங்கே இருக்கிறாய் என்ற கேள்விக்கு இப்படி ஒரு பதிலை அவனுடைய குருகூடச் சொன்னதில்லை.

“எவ்வளவு காலமா லயத்தில இருக்கிறியள்?”

“பொறந்ததுலருந்துங்க. அப்பா, தாத்தா, பூட்டன் எல்லாருமே லயத்துலதான் இருந்தாங்க. லயத்துலயேதான் செத்தாங்க.”

கஜதீபன் கைகூப்பிவிட்டு அதை மொழிபெயர்த்தான். அம்மையாரும் எதையோ வேகமாக எழுதிக்கொண்டார்.

“விடிய எழும்பினா என்ன செய்வியள்?”

“பெரட்டுக்குப் போவேங்க.”

பெரட்டு என்பது மலைக்குப் போகுமுன் தொழிலாளர்களைப் பேர் கூப்பிட்டு நிறுத்தும் இடம். கஜதீபனுக்கு அது புரட்டு என்று கேட்டது. தினமும் காலையில் முதல் வேலையாகப் புரட்டுச் செய்வதாகத் தானே ஒப்புக்கொள்ளும் ஒரு விண்ணப்பதாரரை அவன் இன்றுதான் கண்டான். அம்மையார் நேர்மைக்கு ஒரு புள்ளி போட்டார்.

“உங்களுக்கு மேல ஆர் இருக்கினம்?”

தோட்டத்தில் கங்காணிக்கு மேலே இருக்கும் வெளிக்கள உத்தியோகத்தரை எல்லாரும் கண்டாக்கு என்றுதான் சொல்வார்கள். றோலண்டுக்கும் அதுதான் வாயில் வந்தது. வெளிநாட்டு அம்மா முன்னால் அது பட்டிக்காட்டுத்தனமாக இருக்கும் என்று நினைத்து, திருத்திச் சொன்னான்.

“கண்டக்டர் இருக்காருங்க.”

இந்தச் சொல்லை மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. அந்த நாட்டில் நூறு வாத்தியக்காரர்களுக்கு நடுவில் நின்று கோலை ஆட்டி இசை நடத்துகிறவருக்கும் அதுதான் பெயர். அம்மையார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“உங்கட குழுவில எத்தினை பேர்?”

“எங்க மலையில அறுபது பொம்பளைங்க இருக்காங்க.”

“கண்டக்டர் கையில கோல் வச்சிருக்கிறவரோ?”

“முன்னயெல்லாம் வச்சிருந்தாங்க. இப்ப யூனியன்காரங்க வுடுறதில்லங்க.”

அம்மையார் துயரத்தோடு தலையசைத்தார். தங்கள் நாட்டிலும் தொழிற்சங்கங்களால் கலை சீரழிந்துவிட்டதாகக் கஜதீபன் மூலம் ஆறுதல் சொன்னார். பிறகு, அரிய தாளக் கலைஞர்கள் பிரிவில் இவருடைய விண்ணப்பத்தைச் சேர்க்கலாம் என்றும், இதற்கு முன் எந்தெந்த நாட்டில் கச்சேரி செய்தார் என்றும் கேட்டார்.

அப்போதுதான் றோலண்டுக்கு ஏதோ தடம் மாறிவிட்டது என்று விளங்கியது. சொல்லித் திருத்துவதற்கு வாயைத் திறந்தான். திறந்த வாயில் வேறொரு கேள்வி வந்தது.

“இந்தப் பிரிவு, வயசானவங்கள குளிப்பாட்டுற பிரிவ வுட உசத்திங்களா?”

“அது எங்கயோ கீழ, ஐயா. இது ஆக மேல.”

றோலண்ட் வாயை மூடிக்கொண்டான்.

கடைசியாக, ஏன் எங்கள் நாட்டுக்கு வர விரும்புகிறீர்கள் என்று கேட்டார்கள். பிள்ளையின் படிப்புக்கு என்றான். அம்மையார் அதைக் குறித்துக்கொண்டு, ஒரு சிறு உரை நிகழ்த்தினார். கஜதீபன் அதை வரி வரியாகத் தமிழாக்கினான்.

“எங்கட நாடு எல்லாரையும் வரவேற்கிற நாடு எண்டு அம்மா சொல்லுறா. ஆனா உண்மையா வரவேணும் எண்ட தேவை உள்ளவை வந்தா திரும்பிப் போக மாட்டினம். அதால வரத் தேவையில்லாத ஆக்களைத்தான் நாங்கள் கூப்பிடுறனாங்கள். நீங்கள் வந்தா எங்கட நாட்டை உங்கட சொந்த நாடா நினைக்கோணும். நாங்கள் அப்பிடி நினைக்க மாட்டம். நிரந்தரம் எண்டது அஞ்சு வருசத்துக்குத்தான். அதுக்குள்ள பாதிக் காலத்துக்கு மேல அங்க இருந்து காட்டோணும். காட்டினாத்தான் திரும்ப அஞ்சு வருசத்துக்கு நிரந்தரம்.”

“அதுக்கப்புறங்க?”

“அதுக்குப் பிறகும் நிரந்தரம்தான் ஐயா. கேட்டுக் கேட்டு எடுக்கோணும்.”

ஐந்து தலைமுறையாகப் பழகிய ஏற்பாடு என்பதால் றோலண்டுக்கு இதில் ஒரு சிரமமும் தெரியவில்லை.

விண்ணப்பித்த ஐந்தாம் வருஷம் அனுமதி கிடைத்துவிட்டது. றோலண்டுக்கும், அவனோடு ஐவிக்கும் டிலுக்‌ஷிக்கும். ஒரே ஒரு நிபந்தனை. மார்கழி முப்பத்தோராம் திகதிக்குள் றோலண்ட் அந்த நாட்டு மண்ணில் போய் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மூன்று பேருடைய அனுமதியும் தானாகவே ரத்தாகும். மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது.

செய்தி தெரிந்ததும் பெரிய தொரை ஆளனுப்பிக் கூப்பிட்டார். இந்த முறை உட்காரவும் சொன்னார்.

“சந்தோசம் றோலண்ட். ஆனா வேற ஊர்ல நிரந்தரமான ஆளு, இங்க தற்காலிகமா இருக்க ஏலாது. அது சட்டம். காம்பிராவ மாசக் கடைசியில ஒப்படைக்கணும். ஹரிதானே?”

றோலண்ட் சரி என்றான். அவனுடைய பெயர் தோட்டத்துச் சம்பளப் பட்டியலான செக்ரோலிலிருந்து வெட்டப்பட்டது. காம்பிராவை வேறு டிவிசனில் உள்ள ஒரு குடும்பத்துக்குக் கொடுப்பதென்று முடிவாகி, அவர்கள் வந்து ஜன்னலை அளந்துகொண்டு போனார்கள். தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்க்கும் வேலையை ஐவி விட்டாள். டிலுக்‌ஷி பள்ளிக்கூடத்திலிருந்து விலகல் பத்திரம் எடுத்தாள். அவள் மட்டும், பரீட்சை எழுதிவிட்டுப் போகலாமே அப்பா என்று ஒருமுறை கேட்டாள். உன் படிப்புக்காகத்தானே போகிறோம், இப்போது போய்ப் பரீட்சை என்கிறாயே என்று றோலண்ட் அவளைக் கடிந்துகொண்டான்.

ஜூலியன் அந்தச் சமயமும் வந்திருந்தான். பெண் பார்க்க வந்தவன், றோலண்டின் கலைஞர் பிரிவைப் பற்றிக் கேள்விப்பட்ட நாளிலிருந்து திரும்பிப் போகவே இல்லை.

“நீ என்னைக்குடா மோளம் அடிச்ச?” என்று மட்டும் ஒருநாள் கேட்டான்.

“லயத்துலயே பொறந்தவன்டா நான்,” என்றான் றோலண்ட்.

“நானுந்தான்டா அதே லயத்துல பொறந்தேன்.”

“அத நீ அவங்ககிட்ட சொல்லியிருக்கணும்.”

அந்த வாரம்தான் ஜூலியனுக்குத் திணைக்களத்திலிருந்து பதில் வந்தது. அவன் தன் அட்டையைப் புதுப்பிக்கக் கேட்டிருந்தான். ஐந்து வருஷத்தில் பாதிக்கு மேல் அவன் அங்கே இருக்கவில்லை என்று கண்டுபிடித்திருந்தார்கள். காரணம் கேட்டார்கள். பெண் பார்க்கப் போனேன் என்று எழுதினான். எந்தப் பெண், ஆதாரம் தேவை என்றார்கள். பார்த்த பெண்களெல்லாம் காத்திருந்து சலித்து, கல்யாணம் முடித்துப் பிள்ளையும் பெற்றிருந்தார்கள். இறுதி முடிவு மூன்று வரியில் வந்தது. ‘நிரந்தர வதிவிடம் என்பது வதிவதற்கானது. தாங்கள் அதை வைத்திருந்தீர்கள். அதில் வதியவில்லை.’

இனி ஜூலியன் எங்கேயும் போக முடியாது. பக்கத்துக் காம்பிராவில், தாயோடு, நிரந்தரமாக வந்துவிட்டான். தொரையின் கணக்கில் தற்காலிகமாக.

அன்று இரவு றோலண்ட் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலுமாகத் தின்றான். ஐவி மறுபடி மாவு பிசைய வேண்டியதாயிற்று. வாய்வு போன இடம் தெரியவில்லை. மறுநாள் காலையில் ஜூலியனின் தாய் இஞ்சி கேட்டு வந்தாள். மகனுக்கு நெஞ்சுக்குக் கீழே எரிகிறதாம்.

அதற்குப் பிறகு றோலண்ட் புது மனிதனானான். விடிந்ததும் வெளிநாட்டுக்காக வாங்கிய கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று பல் துலக்கினான். ஜூலியன் தண்ணீர்க் குழாய்க்கு வரும் நேரம் பார்த்து, குளிர் நாட்டில் தான் இருக்கப் போகும் வீட்டின் முகவரியை ஐவிக்குச் சத்தமாகச் சொல்லிக் கொடுத்தான். ஜூலியன் வாளியை நிரப்பாமலே திரும்பிப் போவான். சில நாள் வாளியையே மறந்துவிட்டுப் போவான். ஒரு மாலை, ஜூலியன் படியில் உட்கார்ந்து வெறும் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். றோலண்ட் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், அந்த முகம் நன்றாகத் தெரியும் இடத்தில் போட்டு உட்கார்ந்தான். இருட்டும் வரைக்கும் எழுந்து வரவில்லை.

டிக்கட் ஒருமுறை மாற்றப்பட்டது. நல்ல நாள் இல்லை என்றான். பிறகு இன்னொருமுறை மாற்றப்பட்டது. அதற்கு அவன் காரணம் சொல்லவில்லை. மாசக் கடைசியில் காம்பிராவுக்கு வரவேண்டிய குடும்பத்திடம் தொரை இரண்டு தடவை தவணை கேட்டார். மூன்றாவது தடவை கேட்க முடியாது என்று சொல்லியனுப்பினார்.

நத்தாரும் முடிந்தது. பெட்டிகள் கட்டியாகிவிட்டது. மார்கழியில் மீதி இருந்தது நாளைய விமானம் ஒன்றுதான். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு வான் பேசியிருந்தார்கள். டிலுக்‌ஷி புதுச் சப்பாத்தைப் போட்டு நடந்து பார்த்துக்கொண்டிருந்தாள். றோலண்ட் மட்டும் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, இந்த விமானம் வேண்டாம், ஏதாவது வழி இருக்கும், தைப்பொங்கல் கழித்துப் போகலாம் என்றான்.

ஐவி பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வேலை போய்விட்டது. காம்பிரா போய்விட்டது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்தாகிவிட்டது. நாளை ஏறாவிட்டால் அந்த நாடும் போய்விடும், பிறகு மூன்று பேரும் நடுரோட்டில்தான் நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவள் சத்தம் போடவில்லை. பக்கத்துக் காம்பிராவில் கேட்கும் என்று சின்னக் குரலிலேயே பேசினாள்.

“புள்ளையோட படிப்புக்குன்னு தானேங்க இவ்வளவும் செஞ்சோம். இப்ப ஏன் போக மாட்டேங்கிறீங்க? என்னாத்துக்குப் பயப்படுறீங்க?”

றோலண்ட் சுவரைப் பார்த்தான். சுவருக்கு அந்தப் பக்கம் ஜூலியன் புரண்டு படுத்துப் பெருமூச்சு விடுவது கேட்டது. அதைக் கடைசி வரைக்கும் கேட்டு முடித்துவிட்டு, மனைவியின் பக்கம் திரும்பினான்.

“பயமெல்லாம் இல்ல ஐவி. நான் அங்க போயிட்டா, இவன் வயிறெரியறத இங்க யாரு பாக்குறது?”